கையின் சிறு தசைகள் வலுவிழக்கும்போது: எந்த நரம்பு என்று கண்டறிவதற்கான படிப்படி வழிகாட்டி

பொத்தான் போடுவதும் சாவியைத் திருப்புவதும் பேனாவை இறுகப் பிடிப்பதும் கடினமாகத் தொடங்கும்போது, பெரும்பாலோர் அதைக் களைப்பென்றோ வயதென்றோ எண்ணிச் சில மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். சுண்டுவிரல் பக்கமாகக் கைக்கு வரும் அல்நார் நரம்பு முழங்கையில் அழுத்தப்பட்டு அந்த நிலைக்கு வந்தவன் என்ற முறையில், முதல் சந்திப்பிலிருந்து சிகிச்சை முடிவு வரை எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லாதவற்றை இங்கே எழுதுகிறேன். மருத்துவரின் இடத்தை இது நிரப்பாது. ஆனால் கையோடு கொண்டுபோக வேண்டிய விவரங்களும் கேட்க வேண்டிய கேள்விகளும் தெரிந்திருந்தால், ஒரே பரிசோதனைக்கு இரண்டு முறை பணம் கட்டும் நிலை வராது. தசைக்குக் கிடைக்கும் அவகாசமும் வீணாகாது.

1. எந்தத் தசை எந்த நரம்புக்கு உரியது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

விரல்களை மடக்கி முட்டியாக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மட்டுமே விரல்களுக்கு வருகின்றன. நுண்ணிய வேலைகளைச் செய்பவை கைக்குள்ளேயே தொடங்கிக் கைக்குள்ளேயே முடியும் சிறு தசைகள். பிடி வலுவாக இருக்கும்போதே பொத்தான் போட முடியாமல் போவது இதனால்தான். 'பிடி நன்றாகத்தானே இருக்கிறது' என்று யாராவது சொன்னால் அத்துடன் நின்றுவிடாதீர்கள்.

சுமார் இருபது சிறு தசைகளை இரண்டே நரம்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. மணிக்கட்டின் நடுவே ஒரு குறுகிய சுரங்கத்தின் வழியாக உள்ளங்கைக்குள் நுழையும் மீடியன் நரம்புக்கு ஐந்து தசைகள்: கட்டைவிரலை உள்ளங்கைத் தளத்திலிருந்து மேலே தூக்கும் தசை, அதை மற்ற விரல்களுக்கு எதிராகத் திருப்பும் தசை, அதை மடக்கும் குறுந்தசையின் மேற்பகுதி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் செல்லும் இரண்டு புழுவடிவத் தசைகள். மீதி அனைத்தும் பொதுவாக அல்நார் நரம்பைச் சேர்ந்தவை. விரல்களை விரிக்கும் நான்கு தசைகளும் சேர்க்கும் மூன்று தசைகளும், சுண்டுவிரல் மேட்டின் தசைகளும், மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உரிய புழுவடிவத் தசைகளும், கட்டைவிரலை உள்ளங்கையோடு ஒட்டி இறுக்கும் தசையும் அதில் அடங்கும். கட்டைவிரலை மடக்கும் குறுந்தசையின் ஆழ்ந்த பகுதியும் பெரும்பாலோருக்கு அல்நார் நரம்பின் கீழ்தான் இயங்குகிறது.

மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்பு கையின் எந்தச் சிறு தசைக்கும் செல்வதில்லை. இதைத் தனியாக நினைவில் வையுங்கள். மீடியன், அல்நார் இரண்டின் கீழும் உள்ள சிறு தசைகளுக்கான இழைகள் கழுத்தின் எட்டாம் நரம்பு வேரிலிருந்தும் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடமே வேர்), அதைவிட முக்கியமாக மார்பின் முதல் நரம்பு வேரிலிருந்தும் வருகின்றன. ஆகவே இரண்டு நரம்புகளின் தசைகளும் ஒரே கையில் சேர்ந்து மெலிந்தால், மணிக்கட்டிலும் முழங்கையிலும் மட்டும் காரணத்தைத் தேடுவது போதாது.

இந்தப் பங்கீடு எல்லோருக்கும் அச்சாக ஒன்றுபோல் அமைவதில்லை. சிலருக்கு முன்கையிலேயே மீடியன் நரம்பிலிருந்து சில இழைகள் அல்நார் நரம்புக்குத் தாவிச் செல்கின்றன. இதற்கு மார்ட்டின்-க்ரூபர் இணைப்பு என்று பெயர். உள்ளங்கையிலும் இதுபோன்ற இணைப்பு உண்டு. பரிசோதனை முடிவு உங்கள் கையின் நிலையோடு ஒத்துப்போகவில்லை என்றால், இப்படி ஓர் இணைப்பு இருக்கக்கூடுமா என்று கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி.

2. வீட்டிலேயே அசைவுகளைப் பார்த்துத் தேதியோடு எழுதிவையுங்கள்

இரண்டு கைகளையும் ஒப்பிட்டே ஒவ்வொன்றையும் செய்யுங்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் கையின் தசை சற்றுத் தடித்திருப்பது இயல்பு. அந்தக் கை மற்றதைவிட மெலிந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மீடியன் நரம்பு. புறங்கை மேசையில் படும்படி கையை வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நேராகத் தூக்குங்கள். மறு கையின் விரலால் அதைக் கீழே அழுத்திப் பாருங்கள். இங்கே பலர் தவறிவிடுகிறார்கள். கட்டைவிரலைப் பக்கவாட்டில் விரிப்பது ரேடியல் நரம்பின் வேலை. அது நன்றாக இருந்தாலும் மீடியன் நரம்பு நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது. உள்ளங்கையிலிருந்து செங்குத்தாக மேலெழும் அசைவைத்தான் பார்க்க வேண்டும். அடுத்து, கட்டைவிரல் நுனியைச் சுண்டுவிரல் நுனியோடு சேர்த்து வட்டமாக்கி, அதை யாரையாவது பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அல்நார் நரம்புக்கு ஒரு தாள் போதும். இரு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்திற்கும் இடையே தாளைச் செருகி, சாவியைப் பிடிப்பதுபோல் பிடித்து, வெளிப்பக்கமாக இழுங்கள். நல்ல கையில் கட்டைவிரல் நீண்டு தட்டையாகத் தாளை அழுத்தும். அல்நார் நரம்பு வலுவிழந்த கையில், தாள் நழுவத் தொடங்கும் நொடியில் கட்டைவிரலின் நுனி மூட்டு நீங்கள் அறியாமலேயே வளைந்து நகம் தாளை நோக்கித் திரும்பும். இயங்காத தசைக்கு ஈடாக, மீடியன் நரம்பின் கீழ் உள்ள முன்கைத் தசை அந்த நுனியை மடக்குகிறது. மருத்துவர்கள் இதை ஃப்ரோமென்ட் அறிகுறி என்பார்கள். இதைப் பக்கவாட்டிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்வதைவிட அந்தப் படம் விரைவாகப் புரியவைக்கும்.

பிறகு உள்ளங்கையை மேசைமீது தட்டையாக வைத்து, விரல்களை விரித்துச் சேருங்கள். ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாகத் தள்ளி, மறு கையால் தடுத்துக்கொண்டே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே புறங்கையில் எழும் சதையைத் தொட்டுப் பாருங்கள். அங்கே மேடு எழாமல் குழி விழுந்திருந்தால் தசை மெலியத் தொடங்கிவிட்டது. மற்ற விரல்களைச் சேர்க்கும்போது சுண்டுவிரல் மட்டும் விலகியே நிற்பதும், மோதிர விரலும் சுண்டுவிரலும் பறவையின் நகம்போல் வளைந்தே இருப்பதும் எழுத வேண்டியவை.

கையை மேசையில் ஊன்றச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ரேடியல் நரம்பு பாதிக்கப்பட்டு மணிக்கட்டு தொங்கிப்போனவருக்கு, சிறு தசைகள் நன்றாக இருந்தும் விரல்களை விரிப்பது கடினமாக இருக்கும். மேசையில் கையைத் தாங்கிப் பிடித்தால் அந்தக் குழப்பம் தீரும்.

3. மரத்துப்போன இடத்தைக் கையின் படத்தில் வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் கையை வைத்து முன்புறமும் பின்புறமும் வெளிக்கோடு வரைந்து, மரப்பு இருக்கும் இடத்தை நிழலிடுங்கள். மருத்துவர் முதலில் பார்க்க விரும்புவது இதைத்தான்.

மோதிர விரலைக் கவனமாகச் சோதியுங்கள். அதன் சுண்டுவிரல் பக்கப் பாதி மரத்தும் மறு பாதி நன்றாகவும் இருந்தால், குறை கழுத்து வேரைவிட அல்நார் நரம்பிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். சுண்டுவிரல் பக்கப் புறங்கையும் மரத்திருந்தால் முழங்கையை நோக்கித் தேட வேண்டும். விரல்களின் உள்பக்கம் மரத்தும் புறங்கை நன்றாக இருந்தால் மணிக்கட்டை நோக்கித் தேட வேண்டும். புறங்கைக்குச் செல்லும் கிளை மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் முன்பே பிரிந்துவிடுவதால் இந்த வேறுபாடு வருகிறது. முன்கையின் உள்பக்கத் தோலும் மரத்திருந்தால் அது அல்நார் நரம்பின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கழுத்து, மார்பு மேற்பகுதி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மரப்பே இல்லாமல் தசை மட்டும் மெலிவதும் உண்டு. உள்ளங்கையில் அல்நார் நரம்பின் ஆழ்ந்த கிளை மட்டும் அழுத்தப்பட்டால் அப்படி ஆகும். நெடுநேரம் மிதிவண்டியின் கைப்பிடியில் உள்ளங்கையை ஊன்றுபவர்களிடம் இது அறியப்பட்டது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் இயக்க நரம்பணு நோயிலும், சிகிச்சைக்கு இணங்கக்கூடிய சில நரம்பழற்சிகளிலும் இதே தோற்றம் வரும் என்பதால், வலியும் மரப்பும் இல்லை என்ற காரணத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

4. எவ்வளவு விரைவாகப் போக வேண்டும்

வெட்டுக் காயத்துக்குப் பின் விரல் அசையவில்லை அல்லது மரத்திருக்கிறது என்றால் அன்றே போக வேண்டும். கூர்மையாக வெட்டுண்ட நரம்பைச் சில நாட்களுக்குள் தைப்பது எளிது. வாரங்கள் கடந்தால் முனைகள் சுருங்கி இடைவெளி விழும்.

தசை மெலிவு கண்ணுக்குத் தெரிந்தாலோ, வலுக்குறைவு வாரத்துக்கு வாரம் கூடினாலோ, அடுத்த சில நாட்களில் மருத்துவரைப் பாருங்கள். கை வலுக்குறைவோடு ஒரு கண்ணின் இமை தாழ்ந்து கண்மணி சிறுத்திருந்தாலோ, நடையில் தடுமாற்றம் வந்தாலோ, தசைகள் தாமாகவே துடித்தாலோ, அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உணர்ச்சியற்ற தோல் திட்டுகள் உடலில் எங்காவது இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். தொழுநோய் முழங்கைக்கருகே அல்நார் நரம்பைத் தடிக்கச் செய்யக்கூடியது, மருந்தால் குணமாகக்கூடியது, தாமதித்தால் கை ஊனமாகலாம்.

இரவில் மரத்து எழுப்பி, கையை உதறினால் சரியாகும் மதமதப்பு மட்டும் இருந்து, தசையில் வலு குறையவில்லை என்றால் சில வாரங்கள் அவகாசம் உண்டு. மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் அணிவதும், முழங்கையை மடக்கித் தூங்காமல் இருப்பதும் அந்த இடைவெளியில் செய்யத் தக்கவை.

5. கோப்பில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

கை வரைபடம், தேதியிட்ட புகைப்படங்கள், அசைவுக் குறிப்புகள் மேலே வரட்டும். அவற்றோடு இப்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவராயின் அதன் பெயரும் அளவும், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றின் அண்மை முடிவுகள், பழைய எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை ஆகியவற்றின் தாள்கள், எக்ஸ்ரே, ஸ்கேன் இருந்தால் அறிக்கையோடு படங்களும். சிறுவயதில் முழங்கை முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தால் பல ஆண்டுகள் கழித்தும் அல்நார் நரம்பு பாதிக்கப்படலாம். ஆகவே மறந்துபோன முறிவையும் எழுதுங்கள். வேலையில் கையை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு ஒரு பத்தி. காப்பீடு இருந்தால் முன் அனுமதிக் கடிதம்.

6. பரிந்துரைக் கடிதத்தின் வாசகத்தைப் படித்துவிட்டு வெளியே வாருங்கள்

அடுத்த படி, நரம்பை மின்சாரத்தால் தூண்டி அது செய்தியைக் கடத்தும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும், தேவையானால் ஊசி கொண்டு தசையைச் சோதிக்கும் ஈ.எம்.ஜி.யும். பரிசோதிப்பவர் எந்த நரம்பை எந்த இடத்தில் சோதிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பரிந்துரைக் கடிதமே தீர்மானிக்கிறது. என் கடிதத்தில் 'கை மரப்பு' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. பரிசோதனைக்கூடத்தில் மணிக்கட்டில் மீடியன் நரம்பை மட்டும் சோதித்து, இயல்பாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். முழங்கைப் பகுதிக்காக மீண்டும் நேரம் வாங்கி மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று.

ஆகவே கடிதத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தத் தசை வலுவிழந்திருக்கிறது, எந்த இடத்தில் மரப்பு, எந்த நோயைச் சந்தேகிக்கிறார்கள். அல்நார் நரம்பு என்றால் முழங்கைக்கு மேலும் கீழும் சோதிக்க வேண்டும் என்பதும், புறங்கைக் கிளையின் உணர்ச்சியையும் சோதிக்க வேண்டும் என்பதும், ஒப்பீட்டுக்கு மறு கையும் தேவையா என்பதும் எழுதப்பட்டிருந்தால் நல்லது. தயங்காமல் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

7. பரிசோதனைக்குச் சரியான நேரம்

காயத்தால் வந்த பாதிப்பு என்றால் நாள் கணக்கு மிக முக்கியம். நரம்பு துண்டிக்கப்பட்ட பிறகும், காயத்துக்குக் கீழே உள்ள பகுதி சில நாட்கள் மின்தூண்டலுக்கு இயல்பாகவே விடையளிக்கும். இயக்க இழைகள் ஏறக்குறைய ஒரு வாரமும், உணர்ச்சி இழைகள் பத்து நாள் வரையும் அப்படி இருக்கும். ஊசிப் பரிசோதனையில் தசையின் நரம்பிழப்பு தெரிய இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். அதனால் காயம்பட்ட முதல் வாரத்தில் செய்த பரிசோதனை இயல்பாக வந்தது என்று நிம்மதியடைய முடியாது. மூன்று, நான்கு வாரங்கள் கழித்துச் செய்வதே முழு விவரம் தரும். திறந்த வெட்டுக் காயத்துக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அங்கே பரிசோதனைக்காக அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.

மெல்ல மெல்ல வந்த அழுத்தத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

8. செலவைக் குறைக்கும் வழி

கட்டணம் சில இடங்களில் ஒரு நரம்புக்கு இவ்வளவு என்றும், சில இடங்களில் ஒரு கைக்கு இவ்வளவு என்றும் கணக்கிடப்படுகிறது; ஊசிப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் வருவதுண்டு. நேரம் வாங்கும்போதே இந்த மூன்றையும் கேளுங்கள். அறிக்கையோடு அலைவடிவத் தாள்களும் தருவார்களா என்றும் கேளுங்கள். அவை இல்லாவிட்டால் வேறு மருத்துவர் மீண்டும் பரிசோதிக்கச் சொல்லக்கூடும்.

வரிசையும் செலவைத் தீர்மானிக்கிறது. கைமுறைப் பரிசோதனைக்கு முன்பே கழுத்து எம்.ஆர்.ஐ. எடுக்க அவசரப்படாதீர்கள். நடு வயதைத் தாண்டிய பலருக்கும் கழுத்தில் தேய்மானம் தெரியும். அது கையின் குறைக்குக் காரணமாக இல்லாமலேயே கவனத்தைத் திருப்பிவிடும். எங்கே அழுத்தம் என்று மின்பரிசோதனை சுட்டிய பிறகு அந்த இடத்தில் மட்டும் அல்ட்ராசவுண்ட் எடுப்பது மலிவானது, பயனுள்ளதும்கூட. நான்காம் படியில் சொன்ன எச்சரிக்கை அறிகுறிகள் இருந்தால் இந்த வரிசை பொருந்தாது. மருத்துவர் சொல்வதை உடனே செய்யுங்கள்.

9. பரிசோதனை நாளில்

பட்டினி தேவையில்லை. கையில் எண்ணெய், கிரீம் எதுவும் தடவாமல், மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இல்லாமல் போங்கள். முழுக்கைச் சட்டை இறுக்கமாக இருந்தால் முழங்கைக்கு மேல் சுருட்ட முடியாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். வழக்கமான மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கை சூடாக இருக்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். தோலின் வெப்பம் ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் கடத்தும் வேகம் நொடிக்குச் சுமார் இரண்டு மீட்டர் வரை குறைகிறது. குளிரூட்டிய அறையில் சில்லிட்ட கை, நோயில்லாத நரம்பையும் நோயுள்ளதாகக் காட்டக்கூடும். தோல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸ் அளவிலாவது இருக்க வேண்டும். கை குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சூடாக்கிய பிறகு தொடங்கச் சொல்லுங்கள்.

மின்தூண்டல் சுண்டுவதுபோல் இருக்கும். விரல் தானாகத் துள்ளும். முழங்கையில் அல்நார் நரம்பைச் சோதிக்கும்போது கையை மடக்கிய நிலையில் வைத்திருக்கச் சொல்வார்கள்; அளவு முடியும்வரை அந்த நிலையை மாற்றாதீர்கள். ஊசிப் பரிசோதனையில் ஒரு மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி, முதலில் தளர்த்தவும் பிறகு மெல்ல இறுக்கவும் சொல்வார்கள். தசையின் மின்னோசை ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்கும். அதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். மொத்தம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகலாம்.

10. அறிக்கையைப் படித்துக் காலத்தைக் கணக்கிடுங்கள்

வேகம் குறைந்திருக்கிறதா, தூண்டலுக்கு விடையாக வரும் மின்னலையின் உயரம் குறைந்திருக்கிறதா என்ற இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். முன்கையில் இவ்விரு நரம்புகளின் வேகமும் இயல்பாக நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டரும் அதற்கு மேலும் இருக்கும். முழங்கையைக் கடக்கும் இடத்தில் மட்டும் 10 மீட்டருக்கு மேல் குறைந்தால் அழுத்தம் அங்கே இருக்கிறது என்று கொள்வார்கள். வேகம் மட்டும் குறைந்திருந்தால் நரம்பின் உறைதான் பாதிக்கப்பட்டிருக்கிறது. அழுத்தம் நீங்கினால் வாரங்களிலோ சில மாதங்களிலோ அது தேறக்கூடும். அலையின் உயரம் மணிக்கட்டில் தூண்டும்போதும் குறைந்து, ஊசிப் பரிசோதனையிலும் நரம்பிழப்பு தெரிந்தால், இழைகளே அழிந்திருக்கின்றன. அவை மீண்டும் வளர வேண்டும்.

இந்த வளர்ச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைகள் வரை 30 சென்டிமீட்டர் என்று வைத்தால் 300 நாட்கள், அதாவது பத்து மாதங்கள். நரம்பின்றிக் கிடக்கும் தசை 12 முதல் 18 மாதங்களுக்குள் மீள முடியாதபடி மாறத் தொடங்குகிறது. மணிக்கட்டில் பாதிப்பு என்றால் இந்தக் கணக்கில் தாராளமாக இடம் உண்டு. முழங்கையிலோ அதற்கு மேலோ இழைகள் அழிந்திருந்தால் இடம் மிகக் குறைவு. அத்தகைய நிலையில் 'ஆறு மாதம் பார்க்கலாம்' என்ற அறிவுரை கிடைத்தால், பார்ப்பதற்குள் தசைக்கு எவ்வளவு காலம் மிச்சமிருக்கும் என்று நேராகக் கேளுங்கள். மணிக்கட்டுக்கருகே மீடியன் நரம்பின் ஒரு கிளையை அல்நார் நரம்பின் இயக்கக் கிளையோடு இணைக்கும் அறுவை உண்டு. தசைக்கு அருகிலேயே புது இழைகளைக் கொடுப்பதால் அது தூரத்தைக் குறைக்கிறது. அதைப் பற்றிய ஆலோசனையைக் கையறுவை வல்லுநரிடம் முதல் சில மாதங்களுக்குள்ளேயே பெற வேண்டும்.

காத்திருக்கும் மாதங்களில் மூட்டுகள் விறைத்துவிடாமல் பிசியோதெரபி தொடரட்டும். நகம்போல் வளைந்த விரல்களின் மூட்டு ஒருமுறை இறுகிப்போனால், நரம்பு திரும்பி வந்தாலும் விரல் நீளாது. மரத்த விரல்களைச் சூட்டிலிருந்தும் வெட்டிலிருந்தும் காப்பாற்றுங்கள். மறுபரிசோதனையை முடிந்தவரை அதே கூடத்தில் செய்யுங்கள், பழைய அலைவடிவத் தாள்களைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு அறிக்கைகளிலும் ஒரே தசையின் அலையுயரத்தைப் பக்கம் பக்கமாக எழுதித் தரச் சொல்லுங்கள். தசை தேறுகிறதா என்பதற்கு அந்த இரண்டு எண்களே விடை தரும்.